உப்புப் பூத்த ரவிக்கை

“நம்ம வீட்டு ரவிக்கைய வெயிலு பாக்கப்படாது, பாத்துச்சுன்னா...” என்று பாக்கியத்தாய் பெரியம்மை சொல்லிக்கொண்டிருந்தது வரைக்கும் எல்லோருக்கும் நினைவிருந்தது; பாத்துச்சுன்னா என்ன ஆகும் என்பது மட்டும் யாருக்கும் நினைவில்லை. கண் பட்டுப்போகும் என்றாள் என்று சிலர் சொன்னார்கள், சாயம் வெளுத்துப்போகும் என்றுதான் சொன்னாள் என்று வேறு சிலர் சொன்னார்கள், அவள் வாயைத் திறந்ததுமே யாராவது ஒருத்தி ஈரத்துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள் என்பதால் மீதியைக் கேட்க அந்த வீட்டில் யாரும் நின்றதில்லை. பாதிப் பேச்சையே முழுச் சட்டமாக எடுத்துக்கொண்டு அந்த வீட்டுப் பெண்கள் தங்கள் ரவிக்கைகளைப் பின்கட்டு அறையில், சன்னல் இல்லாத இருட்டில், கயிற்றுக்கொடியில் போட்டு, அதற்கும் மேலே ஒரு துண்டைப் போர்த்திக் காயவைத்தார்கள்.

சாம்பக்கரையில் எந்த வீட்டிலுமே ரவிக்கை வெளியே தெரியக் காயாது. சேலை வாசலில் காயும், பாவாடை பக்கச் சந்தில் காயும், ரவிக்கை துண்டுக்கு அடியில் காயும். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் எழுத்து கற்பதற்கு முன்னாலேயே இந்த வரிசையைக் கற்றுவிடுவார்கள். ஆனால் உப்பளத்தில் வேலை பார்க்கிற ஊர் என்பதால் எங்களுக்கு இன்னொன்றும் தெரியும். வெயில் படாமல் உப்பு விளையாது. கடல் தண்ணீரைப் பாத்தி கட்டி நிழலில் வைத்தால் அது வருஷக்கணக்கில் தண்ணீராகவே கிடக்கும். அந்த இருட்டறையில் காய்ந்த ரவிக்கைகளின் இடது பக்கத்தில் ஒரே ஒரு வட்டம் எத்தனை நாளானாலும் காயாமல் ஈரமாகவே கிடந்ததை அந்த வீட்டுப் பெண்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்கள், பிறகு ஒருவர்பின் ஒருவராகச் செத்துப்போனார்கள்.

பாக்கியத்தாய் பெரியம்மை பித்தத்தில் போனாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். அவளுடைய தங்கை, அதாவது அந்த வீட்டு மகன் தவசிலிங்கத்தின் அம்மா, நெஞ்சுவலியில் போனாள் என்று சொன்னார்கள், அது ஒருவகையில் உண்மையும்கூட. தவசிலிங்கத்தின் அக்கா செல்லக்கனி, கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து நோயோடு திரும்பிவந்து, முப்பத்தாறு வயதில் போனபோது டைபாய்டு என்றார்கள். கட்டிக் கொடுக்க வேண்டிய பெண்கள் இருக்கிற வீடு அது. கல்யாணம் பேசுகிற வீட்டில் மார்பு வியாதி என்ற வார்த்தையை வாசலுக்குள் விடக்கூடாது என்பதில் தவசிலிங்கத்தின் அப்பா கண்டிப்பாக இருந்தார்.

தவசிலிங்கத்தின் அம்மா செத்த பதினாறாம் நாள், உடுத்திய துணிமணிகளை ஏழைகளுக்குக் கொடுக்கிறதற்காகப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் புழக்கடையில் வெயிலில் உதறிப் போட்டார்கள். செத்தவளின் துணிக்கு என்ன மறைப்பு என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். அரைமணி நேரத்தில் பதினோரு ரவிக்கைகளும் ஒன்றுபோல இடது பக்கம் வெள்ளையாகப் பூத்து, அந்த இடம் மட்டும் பொரித்த அப்பளம்போல விறைத்து நின்றன. தவசிலிங்கத்துக்கு அப்போது பத்தொன்பது வயது. அவனுடைய அப்பா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். உப்பு அல்லவா, ஒரு முக்கில் கரைந்துவிட்டது. பத்து வருஷம் கழித்துச் செல்லக்கனியின் ரவிக்கைகள் பூத்தபோது யாரும் அவனுக்கு வாளி எடுத்துவைக்க வேண்டியிருக்கவில்லை.

இதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். எங்களுக்குத் தெரிந்த கதை அந்த வீட்டுப் பின்கட்டு இடிந்ததிலிருந்து தொடங்குகிறது.

கார்த்திகைப் புயலில் அந்த இருட்டறையின் ஓடுகள் பறந்து, சுவர் வடக்குப் பக்கமாகச் சரிந்து விழுந்தது. தவசிலிங்கம் அளத்தில் ஆள் வைத்து உப்பு வாரும் மேஸ்திரி. உப்பு சீசன் தொடங்கிவிட்டதால் கொத்தனாரைப் பார்க்க நேரமில்லாமல் தை போய் மாசி வந்தது. அவனோடு ஒரே வீட்டில் இருந்த தங்கை சந்தனக்கனி, அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவள், அம்மாவுக்கும் அக்காவுக்கும் பணிவிடை செய்தே கல்யாண வயதைத் தாண்டியவள், நாற்பத்து மூன்று வயதில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தன் நீலநிற ரவிக்கையை வாசல் கொடியில், துண்டு போர்த்தாமல், பட்டவர்த்தனமாகக் காயப்போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு வேறு இடம் இல்லை என்றாள். பத்து மணிக்கு அதன் இடது பக்கத்தில் எட்டணா அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது. பதினொரு மணிக்கு அது கற்களாகத் திரண்டு வெயிலில் மினுங்கியது. பன்னிரண்டு மணிக்குத் தெருவில் அலைகிற செவலைப்பசு ஒன்று வந்து வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி அதை நக்கியது.

ஊர் கூடிவிட்டது. கூடினவர்கள் யாரும் ஆச்சரியப்பட்டதாகச் சொல்ல முடியாது. உப்புக்கு நடுவில் பிறந்து, செருப்புக்குள்ளும் சோற்றுக்குள்ளும் உப்போடு வளர்ந்தவர்களுக்கு எங்கே உப்பைக் கண்டாலும் முதலில் தோன்றுவது அது எந்த அளத்து உப்பு என்பதுதான். வேர்வை என்றார்கள். சோப்பு என்றார்கள். மூன்று வீட்டு மூன்று சோப்பால் மூன்று தரம் துவைத்துப் போட்டார்கள், மூன்று தரமும் பூத்தது. கடைசியில் ஒரு சிட்டிகையைப் பூவரச இலையில் வைத்து, கம்பெனியில் முப்பது வருஷமாக உப்பை நாக்கில் வைத்தே தரம் பிரிக்கிற கொம்பையா அண்ணாச்சியிடம் கொண்டுபோனார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் சப்பிப் பார்த்துவிட்டு, இது கடல் உப்பும் இல்லை, கிணற்று உப்பும் இல்லை, ஆள் உப்பு என்றார். கண்ணீரா வேர்வையா என்று யாரோ கேட்டதற்கு, இரண்டும் இல்லை, இரண்டையும் தான் வேண்டிய மட்டும் தின்றிருப்பதாகச் சொல்லி வாயைக் கொப்பளித்தார்.

அந்த நேரத்தில் சந்தனக்கனி கூட்டத்தில் இல்லை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ரவிக்கையில் வட்டம் பூத்த அதே இடத்தில் தன் மேல் விரல் வைத்துப் பார்த்தாள். பாசிப்பயறு அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. கதவைத் திறந்து வந்து அண்ணனிடம் சொன்னாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா எஸ்தர்கனி தொட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்குள் அறுவைசிகிச்சை நடந்தது. இவ்வளவு சின்னதாக இருக்கும்போது வந்தீர்களே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டாக்டர் கேட்க, சந்தனக்கனி உப்பு சொன்னது என்றாள். டாக்டர் சிரித்துவிட்டுத் தாளில் அடுத்த கட்டத்துக்குப் போனார். வீட்டில் அம்மா, பெரியம்மா, அக்கா என்று வேறு யாருக்காவது இது வந்திருக்கிறதா என்பது அந்தக் கட்டம்.

“யாருக்கும் இல்ல சார்” என்றான் தவசிலிங்கம்.

நல்லதாகப் போயிற்று, இருந்திருந்தால் வீட்டில் உள்ள மற்றப் பெண்பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லியிருப்பேன், அவர்களுக்குத் தனியாக ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்திருக்கும் என்று சொல்லியபடி டாக்டர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். வீட்டில் இருந்த மற்றப் பெண்பிள்ளை தவசிலிங்கத்தின் ஒரே மகள் பூங்கனி. அவளுக்கு இருபத்து மூன்று முடிந்து, தெற்கிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. சந்தனக்கனி கட்டிலில் படுத்தபடியே அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவன் அந்தக் கோட்டைப் பார்த்தான்.

அவள் பிழைத்து ஊர் திரும்பினாள். அவளால்தான் ஊரே மாறிப்போனது.

சித்திரை பிறக்கிறதற்குள் சாம்பக்கரையில் துண்டு போர்த்தின ரவிக்கை ஒன்றுகூட இல்லை. கொடிகளெல்லாம் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு வந்தன. எட்டுத் தெருவிலும் சிவப்பும் பச்சையும் கத்தரிப்பூ நிறமுமாக ரவிக்கைகள் கைகளை விரித்துக்கொண்டு வெயிலைப் பார்த்துத் தொங்கின. ஆண்கள் மின்சாரக் கம்பியைப் பார்த்தபடி நடக்கப் பழகினார்கள், அப்படி நடந்து இரண்டு பேர் சாக்கடையில் விழுந்தார்கள். கோயில் கொடைக்கு முந்தின நாள், தாய்மார்கள் சாமி வருகிற தெருவில் மட்டும் ஒரு மணி நேரம் ரவிக்கைகளை எடுத்துவிடும்படி கமிட்டியார் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார்கள். வெயில் நேரத்தில் சாமியை ஏன் தூக்குகிறீர்கள் என்று தாய்மார்கள் திருப்பிக் கேட்டதும் சாமி சாயங்காலம் புறப்பட்டது. தரகர்கள் காபிக்கு உட்காருவதற்கு முன்னால் கொடியைப் பார்த்தார்கள். மாமியார்கள் மருமகள்களின் ரவிக்கையைத் தடவி விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் உள்ள வீடுகளில் உடுத்தாத புது ரவிக்கையைக் கடையிலிருந்து வாங்கி நனைத்துக் காயப்போட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் பத்து ஊருக்கு இது பரவி, பூவைத்து நிச்சயம் செய்துபோக வருகிறவர்கள் பெண்ணின் ரவிக்கையை வாசல் கொடியில் பார்த்த பிறகே படி ஏறுவது என்று ஒரு முறையே உண்டாகிவிட்டது.

ஆனால் ஒருத்தருக்கும் பூக்கவில்லை. அதை நாங்கள் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டோம்.

செவலைப்பசு மட்டும் எந்தத் தெருவிலும் நிற்காமல் தினமும் தவசிலிங்கத்தின் வேலிக்கு வந்து நின்றது. அவன் மனைவி தங்கபுஷ்பம் கழியால் அடித்து விரட்டினாள், பழைய சோறு வைத்து வேறு பக்கம் இழுத்தாள், மாட்டுக்காரனிடம் சண்டைக்குப் போனாள். சந்தனக்கனியின் கொடியில் இப்போது எதுவும் பூக்கிறதில்லையே, இது எதற்கு இங்கேயே நிற்கிறது என்று அவள் கேட்டதற்கு மாட்டுக்காரன், “நாக்கு ருசி கண்டுட்டுல்லா மதினி” என்று மட்டும் சொன்னான்.

டீக்கடை நாராயணவடிவின் மனைவி ஜெயக்கிளிக்கு வலது பக்கத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று இருந்தது. அவள் அதை ஒளிக்கவில்லை. கடைக்கு வருகிற பெண்களிடம் அவளே சொல்வாள், சொல்லிவிட்டுக் கொடியில் கிடக்கிற ரவிக்கையைக் கையைக் காட்டுவாள். தினமும் துவைத்து தினமும் காயப்போடுகிறேன், ஒரு கல் பூத்ததுண்டா என்பாள். அவளுடைய அம்மா எண்பது வயதில் இன்னும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், மூன்று அக்காமார் கல்லுக்குண்டுபோல இருந்தார்கள். எஸ்தர்கனி நாலு முறை கடைக்கு வந்து சொல்லிப் பார்த்தாள்.

“கொடியப் பாருங்க நர்ஸம்மா. அது பொய் சொல்லுமா, நீங்க சொல்லுவியளா?” என்று சிரித்தாள் ஜெயக்கிளி.

கட்டி நெல்லிக்காயானது, எலுமிச்சையானது, தோல் ஆரஞ்சுப்பழத்துத் தோல்போலப் புள்ளி விழுந்தது, கை வீங்கியது, ரவிக்கைகள் மட்டும் காலையில் போட்டு மதியம் எடுக்கையில் மொடமொடவென்று சுத்தமாகக் காய்ந்திருந்தன. மறு வருஷம் ஆடியில் அவள் இறந்தாள். அவளை எடுத்துக்கொண்டுபோன பிற்பாடும் கொடியில் ஒரு மஞ்சள் ரவிக்கை கிடந்தது. நாராயணவடிவு அதை உருவி எடுத்துக்கொண்டு நேரே கொம்பையா அண்ணாச்சியிடம் போனான். அண்ணாச்சி வலது பக்கத்தை நாக்கில் வைத்தார், இடது பக்கத்தை வைத்தார், முதுகை வைத்தார், கடைசியில் ஒன்றும் இல்லை தம்பி, வெறும் துணி என்றார்.

அவன் அங்கிருந்து தவசிலிங்கத்தின் வீட்டு வாசலுக்கு வந்து, பசுவுக்குப் பக்கத்தில் நின்றான். தவசிலிங்கம் வெளியே வந்தான்.

“ஒங்க வீட்டுக்கு மட்டும் சொல்லிச்சு அண்ணாச்சி” என்றான் நாராயணவடிவு. “எங்களுக்கு ஏன் சொல்லல?”

தவசிலிங்கத்திடம் அதற்குப் பதில் இருந்தது. அது தன் வீட்டுக்கு மூன்று தரம் சொல்லியது என்பதும், தான் இரண்டு தரம் தண்ணீரில் முக்கியது என்பதும், அது ஊருக்கான அடையாளமே இல்லை, ஒரு வீட்டு ரத்தத்துக்கான அடையாளம் என்பதும் அவனுக்குத் தெரியும். ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னால் ரவிக்கைகள் முன்பக்கம் வந்த அன்றைக்கே, இது எங்கள் குடும்பத்து வியாதி, உங்கள் கொடியில் பூக்காது, பூக்காததை நம்பாதீர்கள் என்று அவன் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் ஜெயக்கிளி மதுரைக்குப் போயிருப்பாள். அவன் வாயைத் திறக்கவில்லை. நாராயணவடிவு மஞ்சள் ரவிக்கையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான், அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரும் அந்த வீட்டு ஆட்களோடு உட்கார்ந்து டீ குடிக்கவில்லை.

ரவிக்கைகள் மறுபடியும் துண்டுக்கு அடியில் போயின. எஸ்தர்கனி மட்டும் வீடுவீடாகச் சென்று, கொடியைப் பார்க்க வேண்டாம், கையால் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். சொந்தத்தில் வியாதி இருக்கிறவள் பயந்துகொண்டே சீக்கிரம் வருகிறாள், அதனால் பிழைக்கிறாள். சொந்தத்தில் இல்லாதவள் தைரியமாக இருந்துவிட்டு நேரம் கழித்து வருகிறாள், இரண்டு பேருக்கும் வியாதி ஒன்றுதான் என்று அவள் அங்கன்வாடித் திண்ணையில் வைத்துச் சொன்னபோது, சந்தனக்கனி சத்துமாவு கிண்டிக்கொண்டிருந்தாள். சந்தனக்கனி மேல்சேலையை இழுத்துவிடவே இல்லை. ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் சமமாகவும் அப்படியே நடமாடுவதற்கு ஊரும் பழகிவிட்டது.

பூங்கனி ஒரு நாள் எஸ்தர்கனியைத் தனியாகப் போய்ப் பார்த்தாள். வந்து அப்பாவிடம் கேட்டாள்.

“மதுரையில டாக்டர்கிட்ட என்னப்பா சொன்னிய? ஆச்சிக்கும் இதுதானே வந்துச்சு? செல்லக்கனி அத்தைக்கும் இதுதானே?”

“ஆர் சொன்னா ஒனக்கு?”

“ஆரும் சொல்லல. மூணு பேரு செத்த வீட்டுல மூணு பேருக்கும் போட்டோ மட்டும் இருக்கு, ஒருத்தருக்கும் ஒரு சீட்டு இல்ல, மருந்துக் குப்பி இல்ல. நர்ஸம்மா எழுதித் தரச் சொல்லுதாவ, யார் யாருக்கு என்ன வயசுல வந்துச்சுன்னு. எழுதித் தந்தா எனக்கு ரத்தம் பாப்பாவளாம்.”

அவன் கல்யாணம் முடியட்டும் என்றான்.

வரன் இன்னும் விட்டுப்போகவில்லை. சேர்மராஜ் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்க்கிறவன், நல்ல பையன், பூங்கனியோடு போனில் பேசுவான், அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவனுடைய சனங்களுக்கு உப்பு விஷயம் தெரியும். வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் அதைத் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பெண்ணுக்கு வியாதி அம்மா வழியாகத்தான் வரும், பெண்ணின் அம்மா தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் எல்லோரும் நூறு வயது இருந்து படுத்துச் செத்தவர்கள்; சந்தனக்கனி அத்தைதானே, அத்தை ரத்தம் ஆண்பிள்ளையோடு நின்றுபோகும், அப்பாவைத் தாண்டி இறங்காது. தவசிலிங்கமும் ஆமாம், ஆண்பிள்ளையோடு நின்றுபோகும் என்றான். அதைச் சொல்கிறபோது அவன் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவியது, உண்மையாகவே பாரம் குறைந்ததுபோல இருந்தது. இதை எஸ்தர்கனியிடம் யாரோ சொல்ல, அவள் அளத்துக்கே நடந்து வந்து, உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று அவனிடம் சொன்னாள்.

“அப்பா வழியாவும் எறங்கும் அண்ணாச்சி. ஒங்களுக்கு வராமலே ஒங்க வழியா எறங்கும். நீங்க ஆம்பளைங்கிறது அதுக்குத் தெரியாது.”

அவன் வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஆட்களைப் பார்த்து வாருகிற வேலையைப் பாருங்கள் என்றான்.

ஐப்பசியில், மழை இறங்குவதற்கு முன்னாலுள்ள கடைசி வெயில் நாட்களில், ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்குப் பூவைக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். முறைப்படி ரவிக்கையும் கொடியில் இருக்கட்டும், எங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை, ஊர்வாயை மூடுகிறதற்காகத்தான் என்று மாப்பிள்ளையின் பெரியம்மை போனில் சொல்லியிருந்தாள். காலை ஆறு மணிக்கே தங்கபுஷ்பம் துணி துவைத்தாள். மகளின் ரோஸ்நிற ரவிக்கையை வாசல் கொடியின் நடுவில் போட்டாள், கொடி வெறிச்சென்று இருக்கக்கூடாது என்பதற்காக இரண்டு பக்கமும் சேலையும், வேட்டியும், முந்தின நாள் தவசிலிங்கம் அளத்துக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையும் போட்டாள்.

ஒன்பது மணிக்கு ரோஸ்நிற ரவிக்கை காய்ந்தது. தங்கபுஷ்பம் அதைத் தடவிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தாள், பிறகு அம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்று அழுதாள். வெறும் துணி. சந்தனக்கனியும் வந்து பார்த்துவிட்டு, இன்னும் வரவில்லை என்றாள். இன்னும் என்ற வார்த்தைக்காகத் தங்கபுஷ்பம் அவளை முறைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஒன்பதரைக்குச் செவலைப்பசு வந்தது. தவசிலிங்கம் கழியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். பசு வேலிக்கு மேலாகக் கழுத்தை நீட்டியிருந்தது, ஆனால் ரவிக்கைப் பக்கம் அது திரும்பவே இல்லை. அதன் கண் இருந்த திசையில் அவன் பார்த்தான். அவனுடைய வெள்ளைச் சட்டையின் இடது பையின் மேலே, வெள்ளையின்மேல் வெள்ளையாக, வெயில் சாய்வாகப் பட்டால் மட்டுமே தெரிகிற மாதிரி, எட்டணா அளவுக்கு ஒரு வட்டம் மினுங்கியது.

அளத்து உப்பாக இருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனால் அது துவைத்த சட்டை. முப்பது வருஷமாக உப்பு வாருகிறவனுக்கு எது ஒட்டின உப்பு, எது உள்ளிருந்து பூத்த உப்பு என்று தெரியாமல் இல்லை. கழியைக் கீழே வைத்துவிட்டு, போட்டிருந்த சட்டைக்குள் கை விட்டுத் தன் மார்பை அழுத்திப் பார்த்தான். அக்குள் வரைக்கும் விரலை ஓட்டிப் பார்த்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஒன்றும் தட்டுப்படவில்லை என்பதிலிருந்துதான் அவனுக்குப் புரிந்தது, அது அவனிடம் தங்குவதற்கு வரவில்லை, அவன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

அவன் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். தங்கபுஷ்பம் அவன் முகத்தைப் பார்த்தாள், கையில் இருந்ததைப் பார்த்தாள். போய்க் கிணற்றடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவனுடைய அப்பா வைத்த அதே மாதிரி, வாளியின் காது அதே பக்கம் சாய்ந்திருக்க, அவள் அதை வைத்தாள். அவளுக்கு அந்தக் கதை தெரியாது.

“ஒரு முக்கு முக்குங்க” என்றாள். “பிள்ள அந்தப் பையன் பேர நோட்டுல எழுதி வச்சிருக்கா. ஒரு முக்குதான். அப்பறம் எங்க கூட்டிட்டுப் போகணுமோ நானே கூட்டிட்டுப் போறேன்.”

“கல்யாணம் பண்ணிப் போன பெறவு ஆரு விடுவா?” என்றாள் சந்தனக்கனி. அவள் உள்கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். “செல்லக்கனி அக்காவுக்கும் இப்பிடித்தான். கல்யாணம் முடியட்டும்னாவ, பிள்ள பெறட்டும்னாவ, பிள்ளைக்குப் பால் மறக்கட்டும்னாவ.”

தங்கபுஷ்பம் அவள் பக்கம் திரும்பினாள். “நீ பொழைச்சுட்டல்லா, பேசத்தான் செய்வ.”

“ஆமா மதினி. பொழைச்சதுனாலதான் பேசுதேன்.” அவள் குரல் உயரவில்லை. அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். “பெரியம்மை சொன்னத நான் முழுசாக் கேட்டிருக்கேன் அண்ணே. கடைசியில அவளுக்குத் தலை சீவி விட்டது நான்தானே. வெயிலு பாக்கப்படாது, பாத்துச்சுன்னா சொல்லிப்போடும்னா. அவ்வளவுதான். பயந்துட்டுச் சொன்னாளா, சொல்லிப்போடட்டும்னு ஆசைப்பட்டுச் சொன்னாளா, எனக்குத் தெரியல. அப்ப எனக்குப் பத்து வயசு.”

“இத்தன நாளு ஏன் சொல்லல?”

“ஆரு கேட்டா?”

உள்ளறையில் பூங்கனி தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். வளையல் சத்தம் சட்டென்று நின்றது, அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சட்டை அவன் கையில் வேனலில் காய்ந்த பனையோலைபோல விறைத்துக் கிடந்தது, அவன் விரலை அசைக்கிற போதெல்லாம் ஒன்றிரண்டு கல் உதிர்ந்து வாளித் தண்ணீரில் விழுந்து, விழுந்த இடம் தெரியாமல் கரைந்தது. பதினோரு ரவிக்கைகளின் உப்பு கரைந்த தண்ணீரை அன்றைக்கு எங்கே ஊற்றினோம் என்று அவன் நினைத்துப் பார்த்தான். தென்னைமரத்து மூட்டில் ஊற்றியிருந்தார்கள். அந்த மரம் இரண்டே வருஷத்தில் பட்டுப்போயிற்று.

தெருமுனையில் வேன் திரும்புகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் வேனுக்கு முன்னால் ஓடிவந்து வந்துட்டாவ வந்துட்டாவ என்று சொல்லிக்கொண்டு போனார்கள். டீக்கடை வாசலில் நாராயணவடிவு எழுந்து நின்று இந்தப் பக்கம் பார்த்தான். தங்கபுஷ்பம் குனிந்து வாளியை இன்னும் ஒரு சாண் அவனை நோக்கி நகர்த்தினாள். தண்ணீர் தளும்பி அவன் பாதத்தில் விழுந்தது. வேன் வேலிக்கு வெளியே நின்றது, பசு விலகவில்லை, மாப்பிள்ளையின் பெரியம்மை தட்டைத் தூக்கிப் பிடித்தபடி முதலில் இறங்கிக் கொடியைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

தவசிலிங்கம் வாளியைத் தாண்டி வாசலுக்குப் போய், மகளின் ரவிக்கைக்குப் பக்கத்தில், இடது பக்கம் தெருவைப் பார்த்திருக்கும்படி, சட்டையை விரித்துக் காயப்போட்டான்.